கவரோடு ஏற்றவும்

"ஷெவெல்தானே சார், 1970 மாடல்?" என்று கேட்டபடி லாரியிலிருந்து இறங்கினாள் ரோண்டா.

"அதேதாம்மா. ரெண்டு கதவு, எட்டு சிலிண்டர், சிவப்பு, மேல ரெண்டு கறுப்புக் கோடு. ஆக்ஸிலேட்டர்ல காலை வச்சா தெருவே திரும்பிப் பாக்கும்" என்றார் நார்பர்ட்.

கார் ஷெட்டுக்கு முன்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு, வெள்ளைப் பிரம்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்து அக்டோபர் வெயில் அவர் கறுப்புக் கண்ணாடியில் விழுந்து கிடந்தது. திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே ஷெட் கிடையாது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கும் அறக்கட்டளை ஒன்றுக்குக் காரைத் தானமாகக் கொடுக்கிறார். ரோண்டா அதை ஏற்றிப் போக வந்தவள்.

"வித்தா ஒரு சின்ன வீடே வாங்கலாமே சார்."

"எனக்கெதுக்கு வீடு? இருக்கிறதையே விட்டுட்டுப் போறேன்."

"நாய் ஒண்ணு தரச் சொல்லட்டுமா?"

"வேணாம். என் பின்னாடி ஒருத்தன் அலையறதே போதும்."

அந்த ஒருத்தன், மகன் ரஸ்ஸல், ஷெட் வாசலில் நின்றிருந்தான். ஐம்பது வயது. அந்தக் குளிரிலும் கழுத்து வியர்த்திருந்தது.

"இன்னும் ஒரு வாரம் யோசிக்கலாமேப்பா."

"ஒரு மாசமா இதையேதான் சொல்றே. அவங்களை உள்ளே கூட்டிட்டுப் போ."

உள்ளே, சாம்பல் நிறக் கவருக்குள் கார் நின்றது. ரஸ்ஸல் கவரின் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தூக்கினான்.

பழுப்பு நிற மாலிபு. 2004 மாடல். நாலு கதவு. பின் கண்ணாடியில் ஒரு பள்ளிக்கூட ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது.

ரோண்டா அதைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

"மெதுவா பேசுங்க, கெஞ்சிக் கேக்கறேன்" என்று கிசுகிசுத்தான் ரஸ்ஸல். "இது என்னோட பழைய கார். அந்தக் காரை ஆறு வருஷம் முன்னாடியே வித்துட்டேன். என் பொண்ணுக்கு முதுகெலும்புல ஆபரேஷன். எனக்கு வேலை போயிருந்த நேரம். இன்சூரன்ஸ் பேப்பர்னு சொல்லி அவர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். கேட்டிருந்தா குடுத்திருப்பார். கேக்கத்தான் வாய் வரல."

"இதை எப்ப கொண்டுவந்து நிறுத்தினீங்க?"

"அன்னிக்கே. ஷெட் காலியா இருந்தா எதிரொலிக்குமே. அவருக்குக் காதுதான் கண்ணு."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"வாலிபால் ஆடுறா."

ரோண்டா தலையசைத்தாள். "கார் பேப்பரை எடுங்க. உங்க பேர்லதானே இருக்கு? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுடா. ஓடுற வண்டின்னு அவங்க எழுத வேணாமா?"

ரஸ்ஸல் ரோண்டாவின் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினான். பிறகு செல்போனை எடுத்து, ஒரு சின்ன ஸ்பீக்கரில் சேர்த்து, டயர் பக்கத்தில் வைத்தான். எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்று உறுமத் தொடங்கியது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது.

"கேட்டியாம்மா?" என்று கத்தினார் நார்பர்ட். "இன்ஜின் ஃபேக்டரியில முப்பத்தொரு வருஷம் இருந்தவன் சொல்றேன். எட்டும் ஒண்ணா பேசுது."

"நல்லாவே பேசுது சார்."

திடீரென்று உறுமல் நின்றது. "மூன்று டயர் வாங்கினால் நான்காவது இலவசம்" என்றாள் செல்போனுக்குள்ளிருந்து ஒரு பெண்.

ரஸ்ஸல் செல்போனைப் பிடிக்கப் பாய்ந்தான்.

"ரேடியோவை அணைடா" என்றார் நார்பர்ட். "இன்ஜினைக் கேக்க விடு."

கவரை மறுபடி போர்த்தினார்கள். ரோண்டா கம்பியை மாட்டி வண்டியை மெல்ல வெளியே இழுத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தச் சொன்னார் நார்பர்ட். எழுந்து, பானெட்மேல் கை வைத்தார். கதவுப் பக்கம் இரண்டு எட்டு நகர்ந்தால் போதும், கைப்பிடி இருக்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

கை நகரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தது.

"நல்லா வச்சிருந்தேடா. அறுபது மைல் தள்ளியிருந்து வந்து, ஒரு ஞாயிறு தவறாம தொடச்சிருக்கே. இனிமே இந்த வேலை கிடையாது. சும்மா வந்து உக்காரு, போதும்."

ரஸ்ஸல் தலையசைத்தான். அப்பாவுக்கு அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "சரிப்பா" என்றான்.

கார் லாரியில் ஏறியதும், லாரி கதவருகே வந்து ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இதைப் பாத்து நீங்க ஆச்சரியமே காட்டல."

"காட்டுற பழக்கம் இல்ல" என்றாள் ரோண்டா. வண்டியை எடுத்தாள்.

தெருமுனையில் நிறுத்தினாள். அறக்கட்டளை அலுவலகப் பெண் போனில் கேட்டு எழுதிய சீட்டு லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே செருகியிருந்தது. காலையிலேயே இரண்டு முறை படித்ததுதான். இன்னொரு முறை படித்தாள்.

"கார்: மாலிபு, 2004, பழுப்பு, நாலு கதவு. ஓடும். தகவல் தந்தவர்: நார்பர்ட். குறிப்பு: மகன் எதிரில் இதை 1970 ஷெவெல் என்றே சொல்லவும். கவரோடு ஏற்றவும்."