காந்தம் ஒட்டிய இடம்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் நாளைக் காலைக் காபி எனக்குத் தொண்டையில் இறங்க வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பழைய இரும்பு வாங்குகிறவர் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்காரர் தன் கிழட்டுக் காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன, செங்கல் நிறத்தில். வந்தவர் அவற்றையும் வண்டியின் பாகம் என்றே நினைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"ஐயோ, யாருங்க அது?" என்ற குரலோடு பாதங்கள் உள்ளே போய்விட்டன.

இரும்புக்காரரை அழைத்து வந்தவர் வீட்டம்மாவின் அண்ணன். மாடியில் குடியிருப்பவர். தன் புதுக் கார் தெருவில் வெயிலில் காய, இந்த ஓட்டை வண்டி மட்டும் ஷெட்டில் சொகுசாக நிற்பது அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"அப்பா உனக்கு மாடியக் கொடுத்தாரு, எனக்கு இந்த வண்டியக் கொடுத்தாரு. உன் மாடிய எடைக்குப் போடுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா?" என்றாள் வீட்டம்மா.

"வண்டியா இருந்தா வச்சுக்கம்மா, யாரு வேணாம்னது? உன் வீட்டுக்காரர் சுரண்டின சுரண்டல்ல இதுல வண்டியே இல்ல. பூராவும் ஓட்டைய அடைச்ச பட்டிப் பூச்சு! வண்டியில எங்கயாவது ஒரு இடத்துல காந்தம் ஒட்டட்டும், ஷெட்டு உனக்கே. ஒட்டலைன்னா வாசல்ல லாரி நிக்குது. சரிதானே?"

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள். காரடியிலிருந்து எழுந்து வந்த கணவர் தரையைப் பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? அவருக்கு வெல்டிங் தெரியாது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார், ஓட்டை விழும். ஓட்டைக்குள் கொசுவலைத் துண்டை வைத்துப் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் மழமழவென்று தேய்ப்பார். நிமிர்ந்தால் பக்கத்திலேயே புதுத் துரு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மூக்குக்குத் துணி கட்டுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறது என்பார். அதனால் சிவப்புத் துருத்தூள் அவர் மீசையில் படிந்தது, டீயில் மிதந்தது, அவர் தும்மினால் சுவரில் பூ விழுந்தது. ஒருநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாம்பழப் பொம்மை, அவர் முதுகோடு ஷெட்டுக்கு வந்துவிட்டது. "இந்த வயசுல இது ஒரு விளையாட்டா?" என்று வீட்டம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இரும்புக்காரர் இடுப்பிலிருந்து காந்தத்தை அவிழ்த்தார். உள்ளங்கை அகலம், கயிறு கட்டியது. மட்காட்டில் வைத்தார், விழுந்தது. கதவில் வைத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. பட்டியே படாத கூரையில் வைத்தார். அங்கேயும் நிற்காமல் அவருடைய கால் கட்டைவிரலில் இறங்கியது.

"பாத்தியாம்மா? இது காரில்ல. கார் மாதிரி பிடிச்சு வச்ச பொம்மை" என்று சொல்லிவிட்டு, அண்ணன் லாரிக்குக் கை காட்டினார்.

வீட்டம்மாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், ஒரே ஒரு தடவ, அந்த டிக்கிப் பக்கம்..." என்று குறுக்கே வந்தார்.

டங்!

காந்தம் இரும்புக்காரரின் கையை விட்டுக் கிளம்பி, கயிறும் வாலுமாகப் பறந்துபோய், வீட்டுக்காரரின் தொப்பையில் ஒட்டிக்கொண்டது.

இரும்புக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். காந்தத்தோடு வீட்டுக்காரரும் வந்தார். "கெட்டி இரும்புங்க சார். கலப்படமே இல்ல" என்றார் இரும்புக்காரர், தொழில் மரியாதையோடு.

"மாப்ள! எங்கப்பா வண்டிய முழுசாத் தின்னுட்டீங்களா?"

"நான் எங்க மச்சான் தின்னேன்? மூச்சுதான் விட்டேன்."

"அப்ப இவரையும் லாரில ஏத்துங்க!"

"உயிரோட இருக்கறத நாங்க எடுக்கறதில்லைங்க சார். அப்புறம் சாப்பாடு யாரு போடறது?"

வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நேராகப் போய்க் காரின் கதவைத் திறந்தாள். "என்னங்க, ஏறி உக்காருங்க. முழங்கைய ஜன்னல்ல வைங்க. ம், இன்னும் கொஞ்சம் வெளிய."

வீட்டுக்காரர் ஏறி, சொன்னபடி உட்கார்ந்தார். இரும்புக்காரரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நின்று, கடப்பாரையால் நெம்பித் தொப்பையிலிருந்து காந்தத்தைப் பிரித்தார்கள்.

"இப்ப வண்டியில வச்சுப் பாருங்க" என்றாள் வீட்டம்மா.

டங்!

"வண்டியில ஒட்டுதுங்க சார்" என்று முழங்கையைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார் இரும்புக்காரர். "எங்கயாவது ஒரு இடம்னுதான் நீங்களும் சொன்னீங்க."

அண்ணன் படியேறிப் போனார். லாரி காலியாகத் திரும்பியது.

இன்றைக்கும் மாடிப்படியில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டால், "என்னங்க, வண்டியில ஏறுங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். வீட்டுக்காரர் பேப்பரும் டீயுமாக ஏறி உட்கார்ந்து முழங்கையை வெளியே வைப்பார். அண்ணன் அதை முறைத்துப் பார்த்துவிட்டு, வெயிலில் கொதிக்கிற தன் காரைத் தேடிப் போவார்.

இவ்வளவும் நடந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: அந்த வண்டியின் பாடி முழுக்க அலுமினியம், அதற்குத் துருவே பிடிக்காது.