வெறும் ஊஞ்சல்

அலுவலகத்தில் ஊழியர்கள் சந்தோஷமாக இருக்க ஏதாவது வாங்கிப் போடச் சொல்லி எம்.டி. கேட்டபோது, ஹெச்.ஆர். பிரமிளா தேக்கு ஊஞ்சலைத் தேர்ந்தெடுத்தாள். அவருடைய கண்ணாடி அறைக்கு எதிரே அதை மாட்டினார்கள். அவர் கண்ணெதிரே வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. "என்ன பிரமிளா, ஊஞ்சல் சும்மாவே கெடக்கு?" என்று ஒருநாள் அவர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனார்கள். பிரமிளாவும்தான். ஊஞ்சல் நாள் முழுக்க ஆடியது.

நேர்முகத் தேர்வுக்கு வந்த இந்துமதி சங்கிலியைப் பிடித்து அதை நிறுத்தினாள். "வெறும் ஊஞ்சல் ஆடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க மேடம்" என்று பிரமிளாவிடம் சொன்னவள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து வீசி ஆடினாள். கீபோர்டுச் சத்தம் மொத்தமாக நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் எம்.டி. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வேலை அவளுக்கே கிடைத்தது.

சேர்ந்த இரண்டாம் வாரம், லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி வேகமாக வந்த இந்துமதியின் நடை ஊஞ்சலருகே தளர்ந்தது. பிரமிளா தன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்துமதி கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனாள்.