முத்திந்தாவின் மால் ஆசை

லுசாக்காவின் பெரிய மாலில், முத்திந்தா துணிக்கடை ஒன்று விடாமல் நின்று பார்த்தாள். கணவன் சோல்வே சட்டைப்பையில் இருந்த பர்ஸை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“போதும், வா. பளபளன்னு தொங்கவிட்டா, தேவையே இல்லாததையும் வாங்குற கூட்டம் இது. சந்தையில சிட்டெங்கே துணி விக்கிற உனக்கும் அந்த ஆசை வந்துடுச்சா?”

“இன்னும் ஒரு கடைதாங்க.”

மாடியில், ஷட்டர் இறங்கிய கடை முன் நின்றாள். சோல்வே சிரித்துவிட்டான்.

“பூட்டிட்டாங்க! நான் தப்பிச்சேன்.”

முத்திந்தா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

“போன வருஷம் வாசல்ல துணி விரிச்சேன்னு என்னை விரட்டினாங்கல்ல? இப்ப உள்ளேயே கடை எடுத்துட்டேன். மத்தவங்க எப்படித் தொங்கவிடுறாங்கன்னுதான் பார்த்துட்டு வந்தேன். திங்கக்கிழமை திறப்பு. வாய மூடிட்டு ஷட்டரைத் தூக்குங்க!”

வாயை மூட முடியாமலே தூக்கினான் சோல்வே.