கூப்பிடறோம்னு சொல்லிட்டாங்க!

எங்க நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சரி, தெரியலைன்னா வாயை மூடிக்கினு இருக்கலாமில்ல?

திருப்பதியில ஒரு கம்பெனி இன்டர்வியூவை முடிச்சிட்டு புத்தூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினேன். நைனா பைக்கோட நின்னுக்கினு இருந்தாரு.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"'வீ வில் கெட் பேக் டு யூ'ன்னாங்க."

"அப்படின்னா?"

"திரும்பக் கூப்பிடறோம்னு. ஆனா நைனா..."

அந்த 'ஆனா'வை யாரு கேட்டா? நேரா போய் ஜிலேபி வாங்கினாரு. எங்க ஊரு விஜயபுரம் போற வழியெல்லாம் பைக்கை நிறுத்தி நிறுத்தி, "யமுனாவுக்கு வேலை ரெடி! கூப்பிடறோம்னு சொல்லிட்டாங்க!"

மானமே போச்சு.

வீட்டுல செல்லியம்மா அத்தை உட்கார்ந்துக்கினு இருந்தாங்க. நைனாவோட அக்கா. இந்த வேலை கிடைக்கலன்னா, தை மாசம் அவங்க பையன் மோகன்ராஜுக்கு நான் கழுத்தை நீட்டணும். எனக்கு அவனைப் பிடிக்கலன்னு எத்தனை தடவை சொன்னாலும், "முறைப்பையன்டி"ன்னு ஒரே பதில். நைனாவா? அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு.

"வேலை கிடைச்சிச்சா, இல்லையாடி?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நைனா முந்திக்கினாரு. "கூப்பிடறோம்னு சொல்லிட்டாங்கக்கா. இந்த நேரத்துல கல்யாணம்னு எப்படிப் போய் நிக்கிறது?"

அத்தை முகம் சுண்டிப் போச்சு. ஜிலேபியைத் தொடாமலே கார்வேட்டிநகரம் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க.

எனக்கு வந்ததே கோபம்!

"நைனா! அதுக்கு வேலை இல்லன்னு அர்த்தம்! மூஞ்சிக்கு நேரா சொல்லமாட்டாங்க, இப்படிச் சொல்லித்தான் அனுப்புவாங்க. இதுகூடப் புரியாம ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிக்கினு வர்றியே, நாளைக்கு நான் எப்படி வெளியே தலைகாட்டறது?"

நைனா நிதானமா ஒரு ஜிலேபியை எடுத்துத் துன்னாரு.

"பட்டாவுக்காக நான் ஏறாத ஆபீஸ் இல்ல. போனப்பல்லாம் 'சூஸ்தாம்லே'ன்னு தெலுங்குல சொல்லுவாங்க. பார்க்கலாம்னு. எவன் பார்த்தான்? பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே உன் மூஞ்சைப் பார்த்தேன், எனக்குப் புரிஞ்சிடுச்சி. நீ அடுத்த இன்டர்வியூவுக்குப் படி."



ஜிலேபிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாரு.

"நல்லவேளை, இங்கிலீஷ்ல சொல்லி அனுப்பினான். தெலுங்குல சொல்லியிருந்தா உங்க அத்தைக்கும் புரிஞ்சிருக்கும்."