வெள்ளிக்கிழமைப் பாம்பு

காலை பத்து இருபதுக்கு ஜெபசீலன் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து குப்புறப் படுத்தார். கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

மூன்றடி தள்ளித் தரையில் கண்ணாடித் தொட்டி. அதை மூடியிருந்த பழைய ஜமுக்காளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார். உள்ளே மணல். மணலுக்கு மேலே மூக்கு நுனி மட்டும்.

மண்ணுளிப் பாம்பு. மூன்று வருஷத்துக்கு முன் முடிச்சூரில் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கடப்பாரைக்குத் தப்பியது.

அவர் விலங்கியல் ஆசிரியர்; அது அவரிடம் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் மனைவி ஹில்டா அதை இன்னும் வெளியே எறியாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

ஐந்து வாரமாக அதன் நடத்தை சரியில்லை. நாளெல்லாம் மணலுக்குள் கிடக்கும் பிராணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது மட்டும் மேலே வந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். எலிக்குஞ்சைத் தொடாது. மணலில் ஒரு மூலை ஈரமாக இருக்கும். சனிக்கிழமை எல்லாம் சரியாகிவிடும்.

ஐந்து வெள்ளியையும் தேதி போட்டு நோட்டில் எழுதியிருந்தார். அந்த நாட்களில் சாயங்காலக் காபியும் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. அதை எழுதவில்லை. அது விலங்கியலில் வராது.

இன்று ஆறாவது வெள்ளி, 1989 ஜூலை 21. இன்றும் அப்படியே இருந்தால் கண்ணாடிக்குள் வாழ்வது அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நாளை வண்டலூர்ப் பக்கம் புதரில் விட்டுவிட வேண்டியதுதான். நேற்று இதை ஹில்டாவிடம் சொன்னார். மூன்று வருஷமாக ‘அந்தச் சனியனைத் தொலையுங்கள்’ என்று சொல்லிவந்தவள், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமே என்றாள். அவர் நெகிழ்ந்துபோனார்.

பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஹில்டா பின்பக்கம் கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து உள்ளே வந்திருந்தார்.

பத்தரைக்குப் பின்கதவு திறந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் ஹில்டாவின் கால்கள். பின்னால் மஞ்சள் பூசி மெட்டி போட்ட இன்னொரு ஜோடி.

வீட்டுக்காரம்மா பச்சையம்மா.

ஜெபசீலன் சுவரோரமாக இன்னும் உள்ளே நகர்ந்தார். குடிவந்த அன்று அவள் சொன்ன நிபந்தனைகள் இரண்டு: நாய் கூடாது, வெள்ளிக்கிழமை மீன் கூடாது. பாம்பு அவள் நினைப்பிலேயே வந்திருக்காது. தெரிந்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வாள். அதற்குத்தான் ஜமுக்காளம். கேட்டவர்களிடமெல்லாம் தையல் மெஷின் என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்தத் தெருவில் உப்புக் கரிக்காத கிணறு அந்த வீட்டில்தான். மே மாதம், தம்பி குடிவருகிறான், காலி பண்ணுங்கள் என்று பச்சையம்மா ஒருமுறை சொன்னாள். ஜூனில் அந்தப் பேச்சு தானாக நின்றுபோனது. ஜெபசீலன் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்.

ஹில்டா ஜமுக்காளத்தை முழுவதுமாக இழுத்தாள்.

அலறல் வரவில்லை. கற்பூர வாசனை வந்தது.

தரையில் ஒரு சொம்பு வைக்கப்பட்டது. விளிம்புவரை பால்.

“ஆறு வெள்ளிக்கெழம ஆச்சு ஹில்டா. ஆத்தா இன்னும் ஒரு தபாகூட படம் எடுக்கல.”

“வெக்கம்க்கா. பழகினா எடுக்கும்.”

மண்ணுளி படம் எடுக்காது. பாம்பு பால் குடிக்காது. பன்னிரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட இரண்டு வாக்கியங்களும் அவர் நாக்கு நுனிவரை வந்தன. பென்சிலைக் கடித்துக்கொண்டார்.

மணலில் பால் இறங்கியது. மூக்கு நுனி மறைந்தது. எதிர் மூலையில் பாம்பு முழுசாக வெளியே வந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நாக்கை நீட்டியது.

பச்சையம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“போதும்க்கா. போன வாரம் எறும்பு வந்துடுச்சு.”

“உன்ன காலி பண்ணச் சொன்னா நீ ஆத்தாவையும் தூக்கிகினு பூடுவ. தம்பி வேற வூடு பாத்துக்கட்டும்.”

கால்கள் வாசல் பக்கம் நகர்ந்தன. பாதிச் சொம்பு பால் அங்கேயே இருந்தது.

ஜெபசீலன் நோட்டைத் திறந்தார். நோய் இல்லை. வண்டலூர் போக வேண்டியதில்லை. ‘காரணம்’ என்று எழுதி, அதற்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

‘தெரியவில்லை’ என்று எழுதினார். அதன் கீழே, ‘ஈரமாகும் மூலையில் ஒரு கிண்ணம் புதைக்கவும்’ என்று சேர்த்தார்.

வழியனுப்பப் போன ஹில்டா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் அவருக்குத் தன் செருப்பு ஞாபகம் வந்தது. ஒளிய வந்தவர், வழக்கம்போல அதை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார்.

கால்கள் திரும்பி வந்தன. சொம்பை எடுத்துக்கொண்டு போயின. அடுப்படியில் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது.

ஐந்து நிமிஷம் கழித்து ஒரு டம்ளர் கட்டிலுக்கு அடியில் மெல்ல நகர்ந்து வந்தது.

காபி, கெட்டியாக.