பதினொன்றுக்கு முட்டு

“போன்! அந்தாள் கையில போன் இருக்கு!”

பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து அரையிறுதி, கடைசி நாலு நிமிடம். கத்தியவர் நந்தகோபால். சென்னையிலிருந்து வந்து ஒஸ்லோவில் கணினி வேலை. மகள் வர்சா ஹவுகெட்டோ அணியில் பதினொன்றாம் நம்பர்.

பிடிபட்டவர் எதிரணியான மோர்டென்ஸ்ருட்டின் கோச் கிளெமென்ற், யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய பிள்ளைகள் ஆறு புள்ளி முன்னாலே. வென்றால் நாட்டின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் இறுதிப்போட்டி. அந்தப் பயணத்துக்காக இரண்டு மாதம் வாபிள் சுட்டு விற்ற பிள்ளைகள்.

விதி சுருக்கமானது. ஆட்டம் நடக்கும்போது கோச்மார் ஒருவருக்கொருவர் போனில் செய்தி அனுப்பக் கூடாது. அனுப்பினால் ஆட்டம் எதிரணிக்கு.

கிளெமென்றுக்குச் செய்தி அனுப்பியவள் அவருடைய உதவிக் கோச் சிந்தியா, மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து. அதை வாசித்த கையோடு கிளெமென்ற் டைம் அவுட் கேட்டுவிட்டார். தன் அணி முன்னாலே நிற்க, பந்தும் தன் அணியிடம் இருக்க, எந்த மடையன் டைம் அவுட் கேட்பான்? அதுதான் எல்லாருக்கும் சந்தேகம்.

நடுவர் போனை வாங்கிப் பார்த்தார். தமிழ். நொர்வேக்காரருக்கு என்ன விளங்கும்?

“குடுங்க, நான் படிக்கிறேன்” என்றார் நந்தகோபால்.

கிளெமென்ற் குறுக்கே வந்தார். “அண்ணை, அதைப் பிறகு பாப்பம். முதல் அந்தப் பிள்ளையை...”

“நீங்க பேசாதீங்க சார்!”

படித்தார். முகம் சிவந்தது.

“‘பதினொன்றுக்கு முட்டு. கெதியாப் பார்.’ அடப்பாவிகளா! பதினொண்ணு என் பொண்ணு! அவளை முட்டித் தள்ளச் சொல்லியிருக்காங்க!”

நொர்வேஜிய மொழியிலும் அதையே சொன்னார். மண்டபம் கொதித்தது. “சீ, இவரெல்லாம் ஒரு கோச்சா?” என்றாள் ஒரு தாய்.

“செய்தி வந்தது உண்மையா?” நடுவர் கேட்டார்.

“ஓம், வந்தது. விதியை மீறினது பிழைதான், நீங்கள் என்னவும் எழுதுங்கோ. ஆனா அந்தப் பிள்ளைக்கு...”

மிச்சம் கூச்சலில் கேட்கவில்லை. நடுவர் விசிலை ஊதினார். ஆட்டம் ஹவுகெட்டோவுக்கு. மோர்டென்ஸ்ருட் பிள்ளைகள் நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினார்கள். பாவம்.

நந்தகோபாலுக்கு இன்னும் ஆறவில்லை. “தமிழனுக்குத் தமிழனே இப்படிப் பண்ணலாமா சார்? வெட்கமா இல்ல?”

அதற்குள் சிந்தியா சனத்தை விலக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடி வந்தாள். யாரோடும் நிற்கவில்லை. நேரே வர்சாவிடம் போய் அவளை வாங்குப் பலகையில் நிமிர்த்தி இருத்தினாள். பிள்ளையின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. உதடு வெளுத்திருந்தது.

“அண்ணை, முட்டு எண்டால் உங்கடை ஊரிலை இடிக்கிறது” என்றார் கிளெமென்ற். “எங்கடை ஊரிலை மூச்சிழுப்பு. ஆஸ்துமா. பிள்ளையை உடனை பார் எண்டுதான் எழுதினவள். சிந்தியா நேர்ஸ், மேலை இருந்தே கண்டிட்டாள். அதுக்குத்தான் டைம் அவுட் எடுத்தனான்.”

நந்தகோபால் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இவளின்ரை ஆஸ்துமா பம்ப் எங்கை?” சிந்தியா வர்சாவின் பையைக் கொட்டிக் கவிழ்த்தாள். “இதுக்குள்ளை இல்லை! ஆரிட்டை இருக்கு?”

வர்சாவால் கதைக்க முடியவில்லை. விரலை மட்டும் நீட்டினாள்.

தேசிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் கண்டுவிடக் கூடாதென்று காலையிலேயே மகளிடமிருந்து வாங்கி வைத்த பம்பை, நந்தகோபால் தன் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார்.