நான் எழுதிக் கொடுத்த நாலு வரி

மேடம் எங்கள் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு தாளும் பேனாவும் வைத்தார்.

"சண்டை எப்படி வந்ததுன்னு நான் கேக்கப் போறதில்ல. உங்களுக்கு என்ன வேணும்? அதை மட்டும் எழுதுங்க. நான் படிக்க மாட்டேன். எதிர்ல இருக்கிறவர் மட்டும்தான் படிப்பார்."

சமரசம் பேசுவதற்கென்றே கம்பெனி வரவழைத்தவர் அவர். மூன்று வாரமாக எங்களைத் தனித்தனியே உட்கார வைத்துப் பழக்கியிருந்தார். குறுக்கே பேசாதே. பழசைக் கிளறாதே. 'நீ' என்று ஆரம்பிக்காதே, 'எனக்கு' என்று ஆரம்பி. ஐம்பது வயதுக்கு மேல் எழுதப் பழகியதைவிட இப்படிப் பேசப் பழகுவது கஷ்டமாக இருந்தது.

எதிரே ஒல்லி உட்கார்ந்திருந்தான். என் கூட்டாளி.

பதினாலு வருஷம் கண்ணாடிப் பலகைகளைச் சேர்ந்து தூக்கியவர்கள் நாங்கள். கிடங்கிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கட்டடத்துக்கு. முன்னால் போகிறவன் அவன். என்னைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பான். அவனுக்கு முதுகுப் பக்கத்துக் கண் நான்தான்.

"படி மச்சான். லெஃப்ட்ல தூணு. பாத்து, பின்னாடி உன் மாமியார் வர்றாங்க!"

சிரிக்க வைக்காதடா, கண்ணாடி ஆடுது என்பான், சிரித்துக்கொண்டே.

ஏழு மாதமாகப் பேச்சில்லை. நகத்தால் கண்ணாடியில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் நட. அவன் முகம் எனக்கு நேரே இருக்கும். கண் மட்டும் தரையில் இருக்கும்.

போன மாதம் நான் தட்டியது லாரிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணாடி தூணில் மோதி உடைந்தது. அதற்குப் பிறகுதான் மேடம் வந்தார்.

எழுதினேன். பேனா அழுத்தியதில் விரல் வலித்தது.

எனக்கு வேற ஆள் வேண்டாம்.

நீதான் வேணும்.

அன்னைக்கு நான் செஞ்சது தப்பு.

திட்டுறதுக்காவது பேசு.

ஒல்லி பேனாவைத் தொடவே இல்லை.

"எனக்கு எழுத ஒண்ணுமில்ல மேடம். அவன் எழுதினதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

தாளை அவன் பக்கம் தள்ளினேன். எடுத்தான். தாளில் அச்சடித்திருந்த கம்பெனி முத்திரை மேலே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு முகத்துக்கு நேரே பிடித்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவன் கண் மெதுவாக இறங்கியது.

அவன் தலையை ஆட்டினான்.

"சரி மேடம். அவன் கேக்குறபடியே செஞ்சிடுங்க. வேற ஆளோடவே போகட்டும்."

மேடம் என் பக்கம் திரும்பினார்.

"இதுதான் நீங்க கேட்டதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாளை வாங்கி மேடமே படித்துவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். சாப்பாட்டு இடைவேளை. பத்துப் பேர் இருந்தார்கள். ஒல்லி டெலிவரி சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். அந்தத் திமிரில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "மச்சான், சீட்டைத் தலைகீழா புடிச்சிருக்கடா!"

பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒருத்தனுக்குப் புரையேறியது. ஒல்லி சீட்டைத் திருப்பிக்கூடப் பிடிக்கவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

மேடம் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மேடம்" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனவர்களைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எங்களைக் கை குலுக்கச் சொன்னார். குலுக்கினோம். அவன் உள்ளங்கையில் கையுறையின் ரப்பர் வாசம். எனக்கும் அதே வாசம்தான்.

ஒல்லி என் தாளைக் கசக்கிப் போடுவான் என்று நினைத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கதவைத் தாண்டும்போது அவன் கை ஒருமுறை அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தது.

அவனுக்கு ஆறாவது படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். நன்றாக வாசிப்பாள்.